கடலோரக் குடைமிளகாய்: பூவைக் கொட்டுவது ராத்திரிதான்

"பூ நிறைய வைக்குதுங்க, ஒண்ணுகூட நிக்கல. என்ன அடிக்கலாம்?"

நாகூர், திருமருகல், நாகப்பட்டினம் பக்கம் குடைமிளகாய் வைத்துப் பார்க்கிற உழவர்கள் எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. உடனே நாலு பக்கமிருந்தும் பதில் வரும். தேமோர் அடிங்க. பஞ்சகவ்யா மூணு சதவீதம் அடிங்க. மீன் அமிலம் குடுத்துப் பாருங்க. ரசாயனம் பண்ணுகிற பக்கத்து வயல்காரர் கடையில் விற்கிற பூ உதிராமல் தடுக்கிற ஊக்கியைச் சொல்வார். நாம் செயற்கை ஊக்கியைத் தொட மாட்டோம், சான்றிதழும் அதை ஒத்துக்கொள்ளாது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவர் பாட்டிலை நம்புகிறார், நாம் பானையை நம்புகிறோம். இரண்டு பேரும் பூவை ஒட்டவைக்கப் பசை தேடுகிறோம்.

தேமோரை நான் குறை சொல்லவில்லை. என் கத்தரிக்கும் உளுந்துக்கும் வருஷம் தவறாமல் அடிக்கிறேன். என் பேச்செல்லாம் கடலோரக் குடைமிளகாயைப் பற்றியது. இங்கே பூ கொட்டுவதற்கு முதல் காரணம் சத்துக் குறைவு கிடையாது. ராத்திரி சூடு.

குடைமிளகாய் குளிர்ந்த இரவு கேட்கிற பயிர். இரவில் 16 முதல் 21 டிகிரி வரை இருந்தால் அதற்கு சுகம். 24-ஐத் தாண்டினால் காய் பிடிப்பது சட்டென்று குறையும். பகலில் 32-க்கு மேலே தொடர்ந்து போனாலும் அப்படித்தான். பகல் சூடு நமக்கே உறைக்கிறது, அதனால் நிழல்வலை கட்டுகிறோம். இரவு சூட்டை நாம் தூங்கிவிடுவதால் கவனிப்பதில்லை. ஓசூரில் தை மாசத்து விடியற்காலை 15 டிகிரி வாக்குக்கு இறங்கும். நம்ம நாகூரில் அதே தை மாசத்தில் 22-க்குக் கீழே போனால் பெரிய விஷயம். பக்கத்தில் கடல் கிடக்கிறதே, பகலில் வாங்கிய சூட்டை அது ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டு நிலத்தைக் குளிர விடாது. சித்திரை, வைகாசியில் இரவே 27, 28. அந்த நேரத்தில் பூ நிற்க வேண்டும் என்று கேட்பது, கோடையில் வெட்டாறு கரை புரள வேண்டும் என்று கேட்பது மாதிரி.

நடக்கிறது இதுதான். பூ விரிவதற்கு இரண்டு வாரம் முன்பே, மொட்டு மிளகளவு இருக்கும்போதே, உள்ளே மகரந்தம் உருவாகிறது. அந்த நேரத்துச் சூடு மகரந்தத்தைச் சப்பையாக்கிவிடும். பூ வெளியே பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் விரியும். உள்ளே தூள் செத்துப்போயிருக்கும். சூல் கொள்ளாத பூவுக்குச் செடி சோறு போடாது. காம்பு மஞ்சளாகும், கணுவில் கழன்று விழும். ஆகவே பூ கொட்டுகிறபோது ஓடிப்போய் அடிக்கிற எந்தக் கரைசலும் இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேருகிறது. செத்த மகரந்தத்தை எந்த மோரும் எழுப்பாது.

கொட்டுகிற எல்லாப் பூவையும் ராத்திரியின் தலையில் கட்டவும் கூடாது. விழுந்த பூவைப் பொறுக்கிப் பாருங்கள், அது கொஞ்சம் பேசும். விரிந்த பூவை வெள்ளைத் தாளில் தட்டினால் கருப்பாகவோ மஞ்சளாகவோ ஊசிமுனை அளவு பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களை அழித்த கருப்பு இலைப்பேன் பூவுக்குள்ளேதான் கூடாரம் போட்டது. செடி கருகரு என்று மதமதப்பாக, இலை உள்ளங்கை அகலம் இருந்து பூ கொட்டினால் எரு ஜாஸ்தி. கோழி எருவும் மீன் அமிலமும் கணக்கில்லாமல் போட்டவர்கள் கொல்லையில் இதைப் பார்க்கலாம். தழைச்சத்து ஏறினால் செடிக்கு இலை போடத்தான் தோன்றும்.

நம்ம பக்கம் மூன்றாவது ஒன்றும் உண்டு: உப்பு. மண்ணின் உப்பளவு, மண் பரிசோதனைச் சீட்டில் 'இ.சி.' என்று போட்டிருப்பார்களே, அது 1.5-ஐத் தாண்டினால் மிளகாய் இனத்துக்கு விளைச்சல் சரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் சுமாராக ஏழில் ஒரு பங்கு போகும். தண்ணீரையும் வாயில் விட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், சோதித்துப் பாருங்கள். கடலோர மணல் மேட்டில் மேல்தண்ணி இனிப்பாகவும், கொஞ்சம் ஆழம் போனால் கரிப்பாகவும் இருப்பது நமக்குத் தெரிந்ததுதானே. 2004 சுனாமிக்குப் பிறகு நம்மாழ்வார் அய்யா இந்த மாவட்டத்து உப்பேறிய வயல்களில் தக்கைப்பூண்டும் மக்கும் போட்டு மண்ணைத் திருப்பிக்கொண்டுவர நடந்தார். மிளகாய்க் கொல்லைக்கும் அதே வழிதான்: முதலில் தக்கைப்பூண்டு மடக்கி உழுது, அப்புறம் மேட்டுப்பாத்தி.

இனி நான் சண்டை போட வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது படித்து முடித்து ஊர் திரும்புகிற பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கிற ஆலோசனை, "பசுமைக்குடில் போடு, கலர் குடைமிளகாய் வை, பாதி மானியம் வருது" என்பதுதான். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அது ஓடுகிறது, மறுக்கவில்லை. அங்கே ராத்திரி குளிர்கிறது. பசுமைக்குடில் அங்கே மழையைத் தடுக்கிறது, பூச்சியைக் குறைக்கிறது, காய் மழமழவென்று வருகிறது. அதே குடிலைக் கொண்டுவந்து நாகூரில் நட்டால் என்ன ஆகும்? பகல் சூட்டைப் பிடித்து உள்ளே வைக்கும். இரவும் கடலால் சூடு. விசிறியும் ஈரத் திரையும் வைத்துக் குளிரவைக்கலாம் என்பார்கள். கடற்காற்றில் இருக்கிற ஈரத்துக்கு ஈரத் திரை எவ்வளவு குளிர்விக்கும்? காய்ந்த காற்றுக்குத்தான் அது வேலை செய்யும். கரண்டு பில் மட்டும் குளிராமல் வரும். இன்னொன்று, 2018 நவம்பர் 16 ராத்திரியை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. கஜாவுக்கு முன்னால் வேதாரண்யத்துத் தென்னையே நிற்கவில்லை, குழாயும் பாலித்தீனும் எம்மாத்திரம்? பாதி மானியம் என்றால் மீதிப் பாதி கடன் என்று அர்த்தம். அந்தப் பிள்ளை அதைக் கட்டிவிட்டு மறுபடி ஊரை விட்டுப் போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

அப்படியானால் குடைமிளகாயே வேண்டாமா? வேண்டும். குடில் வேண்டாம், நாள்காட்டி போதும்.

நமக்கு வருஷத்தில் ஒரே ஒரு சின்ன வாசல் திறக்கிறது: மார்கழிக் கடைசியிலிருந்து மாசி பாதி வரை. அந்த ஏழெட்டு வாரத்தில்தான் இரவு 22, 23-ல் நிற்கும். பூ அந்த வாரங்களில் விரிய வேண்டும். பின்னோக்கி எண்ணுங்கள். நட்ட 35 முதல் 40 நாளில் பூ. அதற்கு முன் நாற்றங்காலில் 45 நாள். ஆக, ஐப்பசி பிறந்ததும் விதை போட வேண்டும், கார்த்திகை பாதியில் நடவு. இதில் ஒரு சிக்கல்: அதே ஐப்பசி கார்த்திகையில்தான் நமக்கு வானம் கொட்டும். திறந்தவெளி நாற்றங்கால் அழுகிப்போகும். அதனால் குழித்தட்டில், மேலே கூரை அல்லது தாழ்வாரத்தில் நாற்று வளருங்கள். பாத்தியை முழங்கால் உயரம் போடுங்கள், ஒரு நாள்கூட தண்ணீர் நிற்கக்கூடாது. சம்பா வைக்கோலுக்கா பஞ்சம், நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டால் வேர்ப்பக்கம் மண் சூடேறாது. மேற்குப் பக்கமும் கடல் பக்கமும் அகத்தி வரிசை இருக்கட்டும்; பிற்பகல் வெயிலையும் உப்புக் காற்றையும் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வலை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 35 சதவீத நிழலுக்கு மேல் வேண்டாம். வெளிச்சம் குறைந்தாலும் இந்தச் செடி பூவைக் கொட்டும். 75 சதவீத வலையை வாங்கிக் கட்டிவிட்டுப் பூ நிற்கலியே என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் கிளை பிரிகிற கவட்டையில் ஒரு பூ வரும். அதைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும். அது காயானால் செடி அந்த ஒற்றைப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு மேலே வருகிற பூக்களை உதிர்க்கும். இதே காரணத்துக்காகத்தான் நம் பக்கம் காயைச் சிவப்பாக்க, மஞ்சளாக்க விட வேண்டாம் என்கிறேன். பச்சைக் காய் முற்றி நிறம் மாற இன்னும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நம் வாசலே ஏழெட்டு வாரம்தான், அதில் மூன்று வாரத்தை நிறத்துக்குக் கொடுத்தால் எப்படி? பச்சையாகப் பறித்தால் அடுத்த பூ நிற்க இடம் கிடைக்கும்.

மகரந்தத்தைப் பற்றிச் சொல்லாமல் காய் பிடிப்பதைப் பேச முடியாது. மிளகாய்ப் பூ ஒன்றிலேயே ஆண், பெண் இரண்டும் உண்டு. தலைகீழாகத் தொங்குகிற பூ, காற்று அசைத்தாலே தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழும். அதனால் தேனீ தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஒரு கோணல் காயைக் குறுக்காக வெட்டிப் பார்க்கட்டும். எந்தப் பக்கம் விதை குறைவோ அந்தப் பக்கம் காய் சூம்பியிருக்கும். காயை ஊதிப் பெரிசாக்குவது விதைதான். விதைகள் எல்லா அறையிலும் நிறைய வேண்டுமானால் தூள் நிறைய விழ வேண்டும், அதற்குத் தேனீ வந்தால் நல்லது. கொசுத்தேனீ இந்தச் சின்னப் பூவுக்கு அளவெடுத்த மாதிரி. பழைய செங்கல் சுவரிலும் மரப்பொந்திலும் அது தானாகவே குடியிருக்கும், புதுச் சிமெண்டு பூசும்போது அந்த ஓட்டையை மட்டும் விட்டுவையுங்கள். ரீங்காரம் போட்டு பூவை உலுக்குகிற நீல வரித் தேனீ, மரத்தைத் துளைக்கிற கருவண்டு இவையும் வரும். வண்டு வராத கொல்லையில் காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள் முட்டுக்குச்சியை இரண்டு விரலால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். விடியற்காலைப் பனியில் தூள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அது காய்ந்த பிறகு தட்டுங்கள்.

பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் எதையும் அடிக்காதீர்கள். பஞ்சகவ்யாவாக இருந்தாலும் சரி, இஞ்சி பூண்டுக் கரைசலாக இருந்தாலும் சரி. நனைந்த தூள் வீண், வருகிற தேனீயும் திரும்பிப் போகும். அடிப்பது சாயங்காலம். பூவைக் காப்பாற்றக் கரைசல் அடிக்கிறோம் என்று காலை எட்டு மணிக்கு பம்ப்பைத் தூக்குகிற இயற்கை உழவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இவ்வளவும் செய்து கிடைப்பது மாசி, பங்குனியில் ஓர் ஒன்றரை மாச அறுவடை. நாற்பது ஐம்பது செடிக்கு வீட்டுக்கும் பக்கத்துக் கடைக்கும் ஆகும். ஏக்கர் கணக்கில் போட்டு ஓசூர், ஒட்டன்சத்திரத்தோடு போட்டி போட இது ஆகாது. எங்கள் காய்கறிக் கடை நானா ஒருத்தர் சொன்னதுதான் சரி: "உங்க காய் ருசியா இருக்கு, ஆனா சித்திரையில கல்யாண வீட்டுக்குக் கேட்டா உங்களால தர முடியாதே." முடியாதுதான். வைகாசியில் கல்யாணமா, வேறு காய் சமையுங்கள் என்று சொல்கிற தைரியமும் நமக்கு வேண்டும். வருஷம் முழுக்க எல்லாக் காயும் கிடைக்க வேண்டும் என்கிற பழக்கம்தான் விவசாயியைக் குடிலுக்குள் தள்ளுகிறது.

சிலர் ஒரேயடியாக, "குடைமிளகாய் நம்ம பயிரே இல்ல, விட்டுத்தள்ளுங்க" என்கிறார்கள். நம் ஏட்டில் அடிக்கடி வருகிற வாதம்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படிப் பார்த்தால் மிளகாயே நம்ம பயிர் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. நாகப்பட்டினத்தில் 1658-ல் டச்சுக்காரர் வந்து பிடிக்கும்வரை போர்ச்சுகீசியர்தானே இருந்தார்கள். அதற்கு முன் நம் பாட்டிமார் குழம்புக்குக் காரம் மிளகில்தான். வந்த மிளகாய் நானூறு வருஷத்தில் நம் வெயிலைத் தாங்கி, நம் ராத்திரியைத் தாங்கிக் காய்க்கிறது என்றால், எப்படி? நிற்கிற செடியில் விதை எடுத்து எடுத்து யாரோ பழக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். குடைமிளகாய்க்கு அந்தப் பழக்கம் இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான். வருஷா வருஷம் பாக்கெட் பிரித்து ஒட்டுவிதை போட்டால் இன்னும் நானூறு வருஷமானாலும் நடக்காது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். கடைக்காரர் சொல்வது குடை மிளகாய். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பெரியவர்களைக் கேட்டால் அவர்களுக்குக் குட மிளகாய் என்பது வேறு. சின்னக் குடம் மாதிரி உருண்டையாக, தோல் கனமாக, காரம் மட்டாக இருக்கும். கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி மறுபடி மோர் என்று காயவைத்து மோர் மிளகாய் போடுவது அதில்தான். தயிர் சாதத்துக்கு அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது? டெல்டா நிலத்தில் பழகிய இந்தக் குடமிளகாய் நம் கையிலேயே இருக்கும்போது, சதையுள்ள மிளகாய்க்கு விதை தேடிப் பெருநகரக் கடைக்குப் போகிறோம். மோர் மிளகாய் வற்றலாகிவிட்டால் ஒரு வருஷம் கெடாது. சந்தை விழுந்த அன்றைக்கு அழுகிப்போகிற பச்சைக் குடைமிளகாயை விட, உழவருக்கு அது தைரியமான சரக்கு.

இன்னொரு நடுவழி பஜ்ஜி மிளகாய். காய் எவ்வளவு பெரிசோ, சூட்டில் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்பது மிளகாய் இனத்தில் பொதுவான குணம். நீளமாக, மெல்லிய சதையோடு இருக்கிற பஜ்ஜி மிளகாய், குண்டுக் குடைமிளகாயை விட ஒரு மாசமாவது கூடுதலாகக் காய்க்கும். சில்லடிக் கடற்கரையில் சாயங்காலம் எண்ணெய்ச் சட்டி வைக்கிறவர்கள் அதை எங்கிருந்து வாங்குகிறார்கள் என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள். கந்தூரிக் கூட்டத்தின்போது எத்தனை கிலோ போகும் என்றும் கேளுங்கள். வாங்க ஆள் நம் வாசலிலேயே நிற்கிறார்.

குடைமிளகாயையே பழக்க வேண்டும் என்று ஆசை உள்ளவர்கள் ஒட்டுவிதையை விட்டு, விதை எடுத்தால் அதே குணம் வருகிற ரகத்தில் ஆரம்பியுங்கள். 1928-லிருந்து புழக்கத்தில் உள்ள கலிபோர்னியா வண்டர், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா மோகினி, அர்கா கௌரவ் எல்லாம் அப்படிப்பட்டவை. மாசி மகம் தாண்டி விரிந்த பூ எந்தச் செடியில் நிற்கிறதோ, அந்தச் செடியில்தான் விதை. பெரிய காயைப் பார்த்து மயங்காதீர்கள். நாம் தேடுவது கடைசி வரை பூவைப் பிடித்துக்கொள்கிற செடியை. பக்கத்தில் கார மிளகாய் இருந்தால் மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப் பையைக் கட்டி, தினமும் காலையில் தட்டி, பிஞ்சு தெரிந்ததும் பையை அவிழ்த்து நூல் கட்டிவிடுங்கள். பக்கத்தில் கார மிளகாய் இருந்தால் இந்த வருஷக் குடைமிளகாயே காரமாகிவிடும் என்று சொல்வது தவறு. காய் தாய்ச்செடியினுடையது, அது மாறாது. உள்ளே இருக்கிற விதையில்தான் காரம் ஏறியிருக்கும், அடுத்த வருஷம் தெரியும்.

இதை ஒரு ஆள் தன் கொல்லையில் மட்டும் செய்தால் ஒரு ஆயுசு போதாது. ஐம்பது கொல்லை சேர்ந்து செய்தால் அஞ்சாறு வருஷத்தில் ஏதாவது கண்ணுக்குத் தெரியும். நெல்லுக்கு நாம் அதைச் செய்து காட்டியிருக்கிறோம். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய திருவிழாவில் கொஞ்சம் விதையை வாங்கிப்போய், அடுத்த வருஷம் பெருக்கித் திருப்பிக் கொடுக்கிற முறையால் எத்தனை பாரம்பரிய ரகம் மீண்டு வந்தது! காய்கறி விதைக்கு, அதிலும் மிளகாய்க்கு, அந்த அக்கறை நம் இயக்கத்தில் இன்னும் வரவில்லை. விதைத் திருவிழாவில் மிளகாய் விதைப் பொட்டலத்தின் மேல் "மிளகாய்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. எந்த ஊர்க் கொல்லை, கடலிலிருந்து எவ்வளவு தூரம், எப்போது நட்டது, கடைசியாகக் காய் பிடித்தது எந்த மாசம், பக்கத்தில் வேறு மிளகாய் இருந்ததா, இந்த ஐந்தும் எழுதாத பொட்டலத்தை வாங்க மாட்டேன் என்று நாம் அடம்பிடிக்க வேண்டும்.

இந்தத் தையில் என் கொல்லையில் நாற்பது குடைமிளகாயும், மோர் மிளகாய்க்கான குடமிளகாய் பத்தும் நிற்கின்றன. பூ நன்றாக நிற்கிற ஆறு செடிக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். மாசி மகத்துக்குப் பிறகும் காய் பிடிக்கிற செடிக்கு இரண்டாவது துணி. இரண்டு துணி கட்டின செடியின் விதை இருந்தால், வரும் ஆடியில் நம் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். வாங்கிப் போகிறவர்கள் அடுத்த ஆடியில் இரண்டு மடங்காகக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். பொட்டலத்தின் மேல் ஐந்து விவரமும் எழுதி.